டயர் வாங்கும்போது கம்பெனியைக் கேட்கிறோம், எடையைக் கேட்பதில்லை

மாங்காய் சீசன் நெருங்கினால் எங்கள் கிருஷ்ணகிரி பக்கத்தில் டயர் கடைகளுக்கும் சீசன்தான். காவேரிப்பட்டினம், சந்தூர், பர்கூர் என்று எந்தப் பக்கம் போனாலும் சித்திரைக் கடைசியில் ஏதாவது ஒரு பிக்கப் ஜாக்கியில் நிற்கும். டீக்கடையில் பேச்சும் அதுதான். "என்ன கம்பெனி போட்டீங்க?" என்று ஒருவர் கேட்பார். இன்னொருவர் ஒரு பெயரைச் சொல்வார். மூன்றாமவர் அந்தப் பெயரைக் கேட்டதுமே உதட்டைப் பிதுக்குவார். இந்த வருஷம் என் மச்சான் பழைய பிக்கப் ஒன்று வாங்கினான். நாலு டயரும் மாற்ற வேண்டிய நிலை. அவனும் அதையேதான் கேட்டான்: "மச்சான், எந்தக் கம்பெனி நல்லா உழைக்கும்?" "அது இருக்கட்டும், உன் வண்டியில பின் சக்கரம் ஒண்ணு எத்தனை கிலோ தாங்கணும், சொல்லு" என்றேன். "ஒன்றரை டன் ஏத்துவோம்" என்றான். அது வண்டியில் ஏறும் சரக்கின் எடை. சக்கரத்தில் இறங்கும் எடை வேறு. இந்த இரண்டுக்கும் நடுவில் இருக்கும் வித்தியாசத்தை யாரும் கேட்பதே இல்லை என்பதுதான் எனக்கு ரொம்ப நாளாக உறுத்திக்கொண்டிருக்கிறது.

கம்பெனி முக்கியமில்லை என்று சொல்ல வரவில்லை. ஆனால் இங்கே விற்கிற டயருக்கு ஐ.எஸ்.ஐ. முத்திரை கட்டாயம். பெயர் பெற்ற கம்பெனிகள் எல்லாமே சுமாரான டயரும் செய்கின்றன, நல்ல டயரும் செய்கின்றன. ஒரே அளவில் ஒரு கம்பெனிக்கும் இன்னொரு கம்பெனிக்கும் இருக்கிற வித்தியாசத்தைவிட, ஒரே கம்பெனியின் இரண்டு வகை டயருக்கு நடுவில் இருக்கிற வித்தியாசம் பெரிது. ஒன்று ஆளை ஏற்றுவதற்காகச் செய்தது. இன்னொன்று சரக்கை ஏற்றுவதற்காகச் செய்தது. இரண்டும் அதே ரிம்மில் அழகாக உட்காரும். அங்கேதான் ஆபத்து.

எங்கள் ஊர் பிக்கப்புகள் செய்கிற வேலையையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். காலையில் தோட்டத்துக்குள் போகும். உழுது போட்ட செம்மண், கருங்கல் சில்லு, வேலி ஓரத்து முள். கிரேட் அடுக்கியதும் மண் ரோடு, அப்புறம் நேராக தேசிய நெடுஞ்சாலை 44. மாங்காயானால் கூழ் ஃபேக்டரி. தக்காளியானால் ராயக்கோட்டை மண்டியிலோ பாலக்கோடு மண்டியிலோ ஏற்றிக்கொண்டு வெளியூர். ஓசூர் பக்கம் போனால் மேலுமலை ஏற்றம். சேலம் பக்கம் போனால் தொப்பூர் இறக்கம். திரும்பும்போது காலி வண்டி. ஒரே டயர், ஒரே நாளில், முள்ளிலும் ஓடுகிறது, ஏற்றத்திலும் ஓடுகிறது, சுமையோடும் ஓடுகிறது, சுமையில்லாமலும் ஓடுகிறது. கார்காரருக்கு இந்தப் பாடு கிடையாது.

எடை மேடையில் பாதி வண்டி

என் எண்ணம் தெளிவானது ஒரு எடை மேடையில்தான். கிருஷ்ணகிரிக்கு வெளியே கூழ் ஃபேக்டரி ஒன்றில் லோடு இறக்கப் போயிருந்தோம். சீசன் நடுவில் அங்கே வரிசை நீளமாக நிற்கும். அன்றைக்கு எங்களுக்குப் பின்னால் வந்த டிராக்டர்காரர் தார்ப்பாய் கட்டு அவிழ்க்க நின்றுவிட்டதால் கொஞ்சம் இடைவெளி கிடைத்தது. மேடையில் இருந்த அண்ணனிடம் கேட்டேன்: "அண்ணே, முன் சக்கரத்தை மட்டும் மேடையில நிறுத்திக் காட்டட்டுமா?" எதுக்கு என்று அவர் ஒரு பார்வை பார்த்தார். ஆனால் வேண்டாம் என்று சொல்லவில்லை. டிரைவர் அண்ணன் மெதுவாக ஏற்றி, பின் சக்கரம் மேடையின் இரும்பு விளிம்புக்கு ஒரு சாண் வெளியே இருக்கும்படி நிறுத்தினார். பெட்டியில் சிவப்பு எண்கள் ஓடி ஓடி 1,050-க்குப் பக்கத்தில் நின்றன. அப்புறம் முழு வண்டியும் ஏறியது. 3,230. சரக்கை இறக்கிவிட்டு வரும்போதும் அதேபோல இரண்டு தடவை நிறுத்திப் பார்த்தோம். காலி வண்டியில் முன் அச்சு 950 கிலோ. மொத்தம் 1,730.

கேபினில் உட்கார்ந்து எடைச் சீட்டின் பின்பக்கம் கழித்துப் பார்த்தேன். ஒன்றரை டன் ஏற்றியதில் முன் அச்சுக்குக் கூடினது நூறு கிலோ. மீதி 1,400 கிலோவும் பின் அச்சில் போய் உட்கார்ந்திருக்கிறது. காலியாக இருக்கும்போது பின்னால் 780 கிலோ. லோடோடு 2,180. கிட்டத்தட்ட மூன்று மடங்கு. முன் டயருக்கு லோடு ஏறினதும் தெரியாது, இறங்கினதும் தெரியாது. பின் டயர் இரண்டும் காலையில் ஒரு வண்டியைத் தாங்குகின்றன, மதியம் வேறு ஒரு வண்டியைத் தாங்குகின்றன. டிரைவர் அண்ணன் சீட்டை வாங்கி இரண்டு முறை பார்த்தார். "அப்போ நாலு டயருக்கும் ஒரே காத்து அடிக்கிறது எதுக்குங்க தம்பி?" என்று கேட்டார். நான் கேட்க நினைத்ததை அவரே கேட்டுவிட்டார்.

2,180-ஐ இரண்டாக வகுத்தால் சக்கரத்துக்கு 1,090 கிலோ. இதுவும் வண்டி சமதரையில் நேராக நிற்கும்போதுதான். கிரேட் ஒரு பக்கமாகச் சாய்ந்து அடுக்கியிருந்தாலோ, ரோடு வளைவில் ஒரு பக்கம் சரிந்தாலோ, வேகத்தோடு ஒரு பள்ளத்தில் இறங்கினாலோ ஒரு சக்கரத்தில் அதைவிடக் கூடுதலாகத்தான் விழும். ஆகவே 1,090-க்கு மேலே கொஞ்சம் கையிருப்பு வைத்துக்கொண்டுதான் டயர் தேட வேண்டும். உங்கள் வண்டியின் எண்கள் வேறாக இருக்கும். பாடியின் நீளம், சரக்கை எங்கே அடுக்குகிறீர்கள் என்பதைப் பொறுத்து மாறும். அதனால்தான் ஒரு தடவையாவது அச்சு அச்சாக எடை போட்டுப் பாருங்கள் என்று பார்ப்பவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

பக்கச் சுவரில் எழுதியிருப்பது

மச்சானோடு டயர் கடைக்குப் போனேன். கடைக்காரர் முதலில் எடுத்துப் போட்டது 235/75 ஆர்15. ஜீப் வகை வண்டிகளுக்குப் போடுகிற டயர். பார்க்க அகலமாக, பட்டன் (ரோட்டைப் பிடிக்கிற மேல் ரப்பர் கட்டிகள்) நன்றாக எழும்பி, கம்பீரமாக இருந்தது. விலையும் குறைவு. "ரோட்டுல அப்படியே வழுக்கிக்கிட்டு போகும்" என்றார். மச்சானின் முகம் மலர்ந்துவிட்டது. நான் டயரைச் சுற்றிக் குனிந்து அளவுக்குப் பக்கத்தில் இருக்கும் எண்ணைத் தேடினேன். 105 எஸ் என்று இருந்தது. அந்த 105 என்பது கிலோ அல்ல, ஒரு குறியீடு. உலகம் முழுக்க ஒரே அட்டவணைதான்: 100 என்றால் ஒரு டயர் 800 கிலோ தாங்கும், 105 என்றால் 925, 108 என்றால் 1,000, 112 என்றால் 1,120, 116 என்றால் 1,250. பின்னால் வரும் எழுத்து வேகத்தைக் குறிக்கும். எஸ் என்றால் மணிக்கு 180 கி.மீ. தக்காளி ஏற்றிக்கொண்டு 180-இல் யார் போகப் போகிறார்கள்? நமக்கு வேண்டியது அந்த எழுத்துக்கு முன்னால் இருக்கிற எண்.

925 கிலோ தாங்குகிற இரண்டு டயர் சேர்ந்தால் 1,850. பின் அச்சில் விழுவது 2,180. அதோடு ஒரு விஷயம் இருக்கிறது. ஆள் ஏற்றும் வகை டயரைச் சரக்கு வண்டியில் போட்டால், எழுதியிருக்கும் தாங்கு திறனை 1.1-ஆல் வகுத்துத்தான் கணக்கில் எடுக்க வேண்டும் என்பது அமெரிக்காவில் பிக்கப்புகளுக்கு வகுத்திருக்கிற விதி. அப்படிப் பார்த்தால் 925 என்பது 840 ஆகிவிடும். கடைக்காரரிடம் இதைச் சொன்னதும் அவர் கோபித்துக்கொள்ளவில்லை. "எல்லாரும் இதைத்தான் கேட்டு வாங்கிட்டுப் போறாங்க தம்பி" என்றார். அது உண்மைதான். வாங்குகிறவர்கள் கேட்டால்தானே விற்கிறவர் சொல்வார்.

சரக்கு வண்டிக்கான டயரில் எல்.டி. (லைட் டிரக்) அல்லது சி (கமர்ஷியல்) என்று அளவோடு சேர்த்துப் போட்டிருப்பார்கள். தாங்கு திறன் 106/104 என்பதுபோல இரண்டு எண்ணாக இருக்கும். முதல் எண் ஒரு பக்கத்துக்கு ஒரு டயர் ஓடும் வண்டிக்கு, இரண்டாவது ஜோடி டயர் ஓடும் வண்டிக்கு. நம் பிக்கப்புக்கு முதல் எண். அதோடு 8 பி.ஆர்., 10 பி.ஆர்., 12 பி.ஆர். என்று இருக்கும். பி.ஆர். என்றால் பிளை ரேட்டிங், அடுக்குக் கணக்கு. அந்தக் காலத்தில் பருத்தி நூல் அடுக்கு எத்தனை என்பதை அது சொன்னது. இப்போது அத்தனை அடுக்கு உள்ளே இல்லை. அந்த பலத்துக்குச் சமம் என்று மட்டும் பொருள். பி.ஆர். கூடக் கூட உள்ளே அதிகக் காற்றைத் தாங்கும். அதிகக் காற்றைத் தாங்கினால்தான் அதிக எடையைத் தாங்கும். எடையைச் சுமப்பது ரப்பரைவிட உள்ளே அடைத்த காற்றுதான். டயர் அந்தக் காற்றைப் பிடித்து வைத்திருக்கிறது, அவ்வளவே.

அப்புறம் நாலு இலக்க எண் ஒன்று, ஒரு நீள்வட்டக் கட்டத்துக்குள் இருக்கும். முதல் இரண்டு எந்த வாரம், கடைசி இரண்டு எந்த வருஷம். 1823 என்றிருந்தால் 2023-ஆம் வருஷத்தின் 18-ஆவது வாரத்தில் செய்தது. மச்சானுக்குக் காட்டிய டயர்களில் அதையும் பார்த்தோம். ரப்பர் ஓடாமல் கிடந்தாலும் வயதாகும். வெயில் படும் கடை வாசலில் தொங்கிய டயருக்கு இன்னும் சீக்கிரம் வயதாகும். முன்னால் நேர்கோடாக ஓடும் ரிப் வரி, பின்னால் தோட்டத்து மண்ணைப் பிடிக்கிற கொஞ்சம் ஆழமான பட்டன் என்று பிரித்துப் போட்டால் எங்கள் வேலைக்கு நல்லது. முன்னால் ரீட்ரெட், அதாவது தேய்ந்த டயரில் புது ரப்பர் ஒட்டியது, போடுவதற்கு நான் ஒருபோதும் சம்மதிக்க மாட்டேன். இதில் பேச்சுவார்த்தைக்கே இடமில்லை.

காற்று

டயர் சரியாக அமைந்துவிட்டால் பாதி வேலைதான் முடிந்தது. மீதி பாதியில்தான் எனக்கும் பஞ்சர் கடை பாய்க்கும் வருஷக்கணக்காக வாக்குவாதம். அவர் அனுபவஸ்தர். டயரைக் கையால் தட்டியே காற்று எவ்வளவு என்று சொல்வார், கிட்டத்தட்ட சரியாகவும் இருக்கும். அவருடைய கட்சி: பக்கச் சுவரில் என்ன எண் போட்டிருக்கிறதோ அதை நாலு டயருக்கும் அடி, லோடு வண்டி என்றால் அதுதான் பாதுகாப்பு. என்னுடைய கட்சி: பக்கச் சுவரில் இருப்பது அந்த டயர் தன் முழுச் சுமையைச் சுமக்கும்போது வேண்டிய அழுத்தம். வண்டிக்கு என்ன வேண்டும் என்பதை டிரைவர் பக்கக் கதவைத் திறந்தால் தூணில் ஒட்டியிருக்கும் தாளில் வண்டி செய்தவர்கள் சொல்லியிருக்கிறார்கள். முன் அச்சுக்கு ஒன்று, பின் அச்சுக்கு ஒன்று. சில வண்டிகளில் காலிக்கு ஒன்று, லோடுக்கு ஒன்று. மச்சானின் வண்டியில் பழைய முதலாளி பெயின்ட் அடித்தபோது அந்தத் தாள் போய்விட்டது. கையேட்டில் தேடி எடுத்தோம்.

எங்கள் வண்டிக்கு லோடோடு முன்னால் 35 பி.எஸ்.ஐ. (காற்றழுத்தத்தின் அளவு), பின்னால் 65. பின்னால் 65 இல்லாமல் 45-ஓடு ஒன்றரை டன்னை ஏற்றிக்கொண்டு நெடுஞ்சாலையில் போனால் என்ன ஆகும் என்று யோசித்துப் பாருங்கள். 80 கி.மீ. வேகத்தில் சக்கரம் நிமிடத்துக்கு ஏறக்குறைய 600 சுற்று சுற்றும். ஒவ்வொரு சுற்றிலும் பக்கச் சுவர் ஒரு முறை நசுங்கி நிமிர்கிறது. காற்று குறைய குறைய அந்த நசுங்கல் கூடும். ஒரு கம்பியை ஒரே இடத்தில் மடக்கி மடக்கி நிமிர்த்தினால் சூடாகி முறிவதுபோல, டயருக்குள்ளும் சூடு ஏறிக்கொண்டே போய் அடுக்குகள் பிரிய ஆரம்பிக்கும். வெளியே பார்த்தால் ஒன்றும் தெரியாது. பட்டனும் நிறைய இருக்கும். மே மாதத்து மதியத்தில், கொதிக்கிற தாரில், லோடு வண்டியின் டயர்தான் வெடிக்கிறது என்பதற்குக் காரணம் வெயில் மட்டும் அல்ல. குறைந்த காற்றும் கூடின எடையும் வெயிலும் ஒன்றாகச் சேர்வதுதான்.

இது நம் ஊர் சங்கதி மட்டும் இல்லை. 2000 ஆகஸ்டில் அமெரிக்காவில் ஃபயர்ஸ்டோன் கம்பெனி 65 லட்சம் டயர்களைத் திரும்ப அழைத்தது. பெரும்பாலும் ஃபோர்டு எக்ஸ்ப்ளோரர் வண்டிகளில் ஓடியவை. பட்டன் பகுதி மொத்தமாகப் பிய்ந்து வண்டிகள் உருண்டன. அந்த வண்டிக்கு ஃபோர்டு சொல்லியிருந்த அழுத்தம் 26 பி.எஸ்.ஐ. டயரின் தயாரிப்புக் குறையா, குறைந்த காற்றா என்று இரண்டு கம்பெனிகளும் வெளிப்படையாகவே மோதிக்கொண்டன. அதன் பிறகுதான் அங்கே சட்டம் வந்து, 2007-க்குப் பின் செய்த கார்களிலும் சிறு வண்டிகளிலும் காற்று குறைந்தால் விளக்கு எரிய வேண்டும் என்று ஆனது. அதிலும் மொத்த எடை 4,536 கிலோவைத் தாண்டும் பெரிய பிக்கப்புகளுக்கு அந்தக் கட்டாயம் இல்லை. அதிகச் சுமை தூக்கும் வண்டிக்காரர் அங்கேயும் தானே குனிந்து காற்று அளக்கும் கேஜ் வைத்துத்தான் பார்க்க வேண்டும்.

பாய் சொல்வதுபோல் எப்போதும் நிறைய அடித்து வைத்தால் என்ன? இதற்கும் எடை மேடைச் சீட்டிலேயே பதில் இருக்கிறது. 65 பி.எஸ்.ஐ. என்றால் ஒரு சதுர சென்டிமீட்டருக்கு ஏறக்குறைய 4.6 கிலோ. காலி வண்டியில் பின் சக்கரம் ஒன்றின் எடை 390 கிலோ. வகுத்தால் 85 சதுர சென்டிமீட்டர் வருகிறது. டயர் சுவரின் விறைப்பால் கொஞ்சம் முன்னே பின்னே இருக்கலாம், ஆனால் ரோட்டைத் தொடுவது ஒரு உள்ளங்கை அளவுதான். லோடு இருக்கும்போது அதே சக்கரம் 237 சதுர சென்டிமீட்டர் தொடுகிறது. காலி பிக்கப் பின்னால் துள்ளுவதும், முதல் மழையில் தொப்பூர் இறக்கத்தில் பிரேக் அழுத்தினால் பின்பக்கம் ஒதுங்குவதும் பின்னால் எடை குறைவதாலும் இதனாலும்தான். நடுப்பட்டன் மட்டும் தேய்ந்து ஓரம் புதிதாக இருக்கும் டயரைப் பார்த்தால் அது அதிகக் காற்றில் ஓடியது. இரண்டு ஓரமும் தேய்ந்து நடு மட்டும் எழும்பி நின்றால் குறைந்த காற்றில் ஓடியது. ஒரே ஓரம் என்றால் அலைன்மென்ட்.

அதற்காக லோடு இறக்கினதும் ஒவ்வொரு தடவையும் காற்றை இறக்கிவிட்டு, மறுநாள் மறுபடி அடி என்று சொல்வது நடைமுறைக்கு ஒத்து வராது. தினமும் லோடு இருக்கிற சீசனில் பின்னால் லோடுக்கான அழுத்தத்திலேயே விட்டுவிட வேண்டும். காலியாகத் திரும்பும்போது வேகத்தைக் குறைத்து, ஈர ரோட்டில் முன்வண்டிக்குக் கூடுதல் இடைவெளி விட்டு வர வேண்டும். சீசன் முடிந்து வண்டி வாரக்கணக்கில் சும்மா சுற்றுகிறது, தீவன மூட்டை நாலு ஏற்றுகிறது என்றால் அப்போது காலிக்கான அளவுக்கு இறக்கிக்கொள்ளலாம். முன் டயருக்கு இந்தக் கவலையே இல்லை. வருஷம் முழுக்க ஒரே எண்.

அழுத்தம் பார்ப்பது டயர் குளிர்ந்திருக்கும்போதுதான். வண்டி எடுப்பதற்கு முன்னால், அல்லது நிறுத்தி மூன்று மணி நேரம் ஆன பிறகு. பத்து டிகிரி சூடு மாறினால் 65 பி.எஸ்.ஐ. டயரில் இரண்டரை பி.எஸ்.ஐ.க்கு மேல் மாறும். சித்திரை மதியத்தில் கிருஷ்ணகிரியில் அடித்த காற்று, மார்கழி விடியலில் ஓசூரில் பார்த்தால், ஒரு பொட்டு கசியாமலேயே ஆறு ஏழு குறைந்திருக்கும். ஓடி வந்த டயரில் 10 முதல் 15 சதவீதம் கூடியிருப்பது இயல்பு. அதைப் பார்த்துப் பயந்து சூட்டோடு காற்றைத் திறந்துவிடுகிற பழக்கம் எங்கள் பக்கம் நிறைய இருக்கிறது. அது செய்யவே கூடாத காரியம். கூடின காற்றை எடுத்தால் நசுங்கல் அதிகமாகி இன்னும் சூடாகும். வழக்கத்தைவிட மிக அதிகமாகக் கூடியிருந்தால், புறப்படும்போதே காற்று குறைவு அல்லது லோடு அதிகம் என்று அந்த டயர் சொல்கிறது. ஆர்.சி.யில் உள்ள எடைக்கு மேல் ஏற்றுகிறவர்களுக்கு இங்கே நான் எழுதியிருக்கிற எந்தக் கணக்கும் உதவாது.

பாயை நம்ப வைத்தது என் வாய்ப்பேச்சு இல்லை, சாக்பீஸ். லோடு ஏற்றிய வண்டியின் பின் டயரில் ஓரத்திலிருந்து ஓரம் வரை குறுக்காக அழுத்தி ஒரு கோடு போட்டு, சமமான தார் ரோட்டில் கொஞ்ச தூரம் நேராக ஓட்டிவிட்டுப் பார்த்தோம். கோடு எல்லா இடத்திலும் ஒரே மாதிரி மங்கியிருந்தது. காலி வண்டியில் அதே காற்றோடு செய்தோம். நடுவில் மட்டும் அழிந்து, இரண்டு ஓரத்திலும் வெள்ளை அப்படியே இருந்தது. பாய் உட்கார்ந்து விரலால் தடவிப் பார்த்தார். "சரிதான் தம்பி, முன்னாடி 35 போதும்" என்றார். பின்னால் மட்டும் இன்னும் அஞ்சு சேர்த்து அடிக்கத்தான் அவருக்கு மனசு வருகிறது. நான் கேஜ் வைத்து இறக்கிக்கொள்கிறேன்.

பெட்ரோல் பங்குகளில் காற்று இலவசமாகத் தர வேண்டும் என்பது விதி. பல இடங்களில் மெஷின் இருக்கும், ஆனால் 60-க்கு மேல் ஏறாது, அல்லது கேஜ் பழுதாகி நாலைந்து எண் தப்பாகக் காட்டும். ஆகவே சொந்தமாக ஒரு கேஜ் வாங்கி டேஷ்போர்டில் போட்டு வையுங்கள். 100 பி.எஸ்.ஐ. வரை காட்டுவதாக இருக்கட்டும், கார் கேஜ் போதாது. ராயக்கோட்டை மாதிரி மண்டிகளிலும் கூழ் ஃபேக்டரி வாசல்களிலும் நல்ல கம்ப்ரசர் ஒன்று வைத்தால், எடைச் சீட்டில் முன் அச்சு, பின் அச்சு என்று பிரித்துப் போட்டுக் கொடுத்தால், இந்த ரோட்டில் எத்தனையோ பேருக்கு உபகாரமாக இருக்கும். மேடையும் அங்கே இருக்கிறது, ஆளும் இருக்கிறார். வண்டியைப் பாதியில் ஒரு நிமிஷம் நிறுத்தினால் போதும்.

மச்சான் கடைசியில் நாலு டயரும் எல்.டி. வகையிலேயே போட்டான், தாங்கு திறன் 116-க்குக் குறையாமல் பார்த்து. எந்தக் கம்பெனி என்று இப்போது அவனிடம் கேட்டால் கொஞ்சம் யோசித்துத்தான் சொல்வான். கையில் இருந்த காசு அதோடு தீர்ந்துவிட்டதால் ஸ்டெப்னி மட்டும் பழசு, அதே அளவுதான், ஆனால் ஆள் ஏற்றும் வகை. அதை லோடோடு பின்னால் மாட்டவே கூடாது என்று சொல்லியிருக்கிறேன். பின் சக்கரம் பஞ்சரானால் முன் சக்கரம் ஒன்றைக் கழற்றிப் பின்னால் மாட்டி, அதில் 65 வரை காற்று ஏற்றி, ஸ்டெப்னியை முன்னால் போட வேண்டும். முன்னால் விழுவது சக்கரத்துக்கு 525 கிலோதான், அதை அந்த டயர் தாங்கும். இரண்டு தடவை ஜாக்கி போட வேண்டும், அரை மணி நேரம் கூடுதலாகப் போகும். "ரோட்டோரத்துல நின்னுக்கிட்டு இத்தனை வேலையா மச்சான்?" என்றான். ஆமாம், இத்தனை வேலைதான், முதல் நாலு லோடு வரைக்கும். அதற்குள் ஸ்டெப்னியையும் மாற்றிவிடலாம்.